கழற்றிய பிறகு

நான் படித்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் செருப்புக்கென்று ஒரு விதியும் கிடையாது. செருப்பு இருந்தால்தானே விதி வரும்! மூணாறுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம். ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை அதற்குள்தான். இடையில் தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் நான்காம் வகுப்பின் தமிழ்ப் பாடம் நின்றுவிடும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு ஊடே போகும் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடந்து வருவோம். அத்தனை பேரும் வெறுங்கால். வாத்தியார் ஒருவருக்குத்தான் தோல் செருப்பு. அதன் சத்தத்தை வைத்தே அவர் எந்தத் திருப்பத்தில் வருகிறார் என்று சொல்லிவிடுவோம்.

சமவெளிக்காரர்களுக்கு வெறுங்கால் என்றால் முள்ளும் சூடும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அட்டை. ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் புல் நுனியெல்லாம் அட்டை நிமிர்ந்து நின்று ஆடும். ஏறும்போது தெரியாது, கடிக்கும்போதும் வலிக்காது. விரலிடுக்கில் வழுவழுவென்று ஏதோ தட்டுப்படும்போதுதான் குனிந்து பார்ப்போம். அதற்குள் அது குடித்து உருண்டிருக்கும். பிய்த்து இழுத்தால் புண்ணாகிவிடும் என்பதால் சின்னத் துணியில் உப்பை முடிந்து குச்சி நுனியில் கட்டிக் கொடுத்துவிடுவாள் அம்மா. அதை நனைத்துத் தொட்டால் அட்டை சுருண்டு விழும். காலையில் தேயிலைக் காட்டுக்குக் கிளம்பும் முன் தன் காலுக்கும் என் காலுக்கும் பார் சோப்பை ஈரத்தோடு அழுத்தித் தேய்த்துவிடுவாள். "கழுவிடாத புள்ள, அப்படியே போ" என்பாள். பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறியதும் எங்களுக்கு முதல் பாடம், ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பது. குதிகாலுக்குப் பின்புறம் நம் கண்ணுக்குப் படாதே! அட்டையை எடுத்த பிறகும் ரத்தம் நிற்காது. வகுப்புத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டே இருக்கும். வாத்தியார் பீடியைப் பிரித்து அந்தத் தூளை அப்பச் சொல்வார். அது எங்களுக்கு வேடிக்கை. அவருக்குப் பீடி நஷ்டம்.

ஜனவரியில் வேறு கதை. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் விடியற்காலையில் உறைபனி விழும். புல் வெள்ளையாக நிற்கும், மிதித்தால் நொறுங்கும். சிமெண்டுத் தரையில் காலை வைக்க முடியாமல் சம்மணமிட்டுப் பாதத்தைத் தொடைக்கடியில் செருகி உட்கார்ந்திருப்போம். எழுந்து நின்று பதில் சொல் என்றால் அதுதான் பெரிய தண்டனை.

கொக்கிப்புழுவைப் பற்றிப் பிற்பாடுதான் படித்தேன். ஈர மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு, விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரல் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்த் தங்குமாம். அங்கே இருந்துகொண்டு ரத்தத்தைக் குடிக்கும். வெளியே அட்டை, உள்ளே புழு. 1920களிலேயே அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையினர் சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் இந்தப் புழுவைத் துரத்திக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன வழிகளில் இரண்டு: கழிப்பறை கட்டு, செருப்புப் போடு. அரை நூற்றாண்டு கழித்தும் எங்கள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வரிசையாக நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "வெளுத்திருக்கு, வெளுத்திருக்கு" என்று சொல்லி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது பிப்ரவரி 10ஆம் தேதி குடற்புழு நீக்க நாள் என்று நாடு முழுக்கப் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். சப்பிச் சாப்பிடும் மாத்திரை. பிள்ளைகள் மிட்டாய் மாதிரி கேட்டு வாங்குகிறார்கள்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைக் கல்லூரியில் படிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் தோட்ட முதலாளி படிப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என அதில் இருந்தது. எங்கள் தகரக் கூரைப் பள்ளிக்கூடம் அந்தக் கணக்கில் வந்ததுதான். மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். செருப்பு அந்த வரிசையில் இல்லை. தலையில் விழும் மழையைச் சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. காலடியில் இருப்பது தெரியவில்லை.

எனக்கு முதல் செருப்பு வாங்கியது ஐந்தாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகும்போது. மூணாறு பஜாரில், வெள்ளை அடி, நீல வார் போட்ட ஹவாய். பாட்டா செருப்புக்கு விலை கேட்டுவிட்டு அம்மா பக்கத்துக் கடைக்கு நகர்ந்தாள். "வளர்ற காலு" என்று கடைக்காரர் இரண்டு அளவு பெரிதாகவே எடுத்துப் போட்டார். நடந்தால் குதிகாலில் பட் பட்டென்று அடித்து, முதுகுவரை சேறு தெறிக்கும். முன் வார் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டால் அடியில் ஊக்கைக் குறுக்காகக் குத்தி நிறுத்துவோம். அந்த ஊக்கு தேய்ந்து மெலிந்து அறுவதற்குள் செருப்பின் குதிகால் ஓட்டையாகிவிடும். ஒரு வேடிக்கை என்னவென்றால், எங்கள் இடுக்கி மாவட்டத்தின் மேல்பாதி தேயிலை, கீழ்ப்பாதி ரப்பர். நாங்கள் வெறுங்காலோடு அலைந்த அதே காலத்தில், 1975இல், கோட்டயத்தில் பாரகன் கம்பெனி தொடங்கிவிட்டது. பிறகு தொடுபுழாவில் லூனார், கோழிக்கோட்டில் வி.கே.சி. என்று கேரளமே இந்தியாவுக்குச் செருப்புப் போட்டுவிட்டது. மலைக்குக் கீழே பால் வடித்த ரப்பர், ஊரெல்லாம் சுற்றி மலைக்கு மேலே வந்து சேரத்தான் நாளானது.

பெரிய பள்ளிக்கூடத்தில்தான் முதல்முறையாக விதியைப் பார்த்தேன். செருப்பை வராந்தாவில் கழற்றி வரிசையாக விட வேண்டும். போடவே இல்லாதவர்களுக்கு அந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. புதுச் செருப்புக்காரர்களுக்கோ பாடத்தில் கவனமே இருக்காது. எல்லாம் நீல வார், வெள்ளை அடி. எது எவருடையது? பிளேடால் குதிகாலில் ஒரு கீறல், காம்பஸ் முனையைச் சூடாக்கிப் பெயரின் முதல் எழுத்து, வாரில் சிவப்பு நூல் என்று ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்திருப்போம். அப்படியும் மாறும். சாயங்காலம் கடைசியாக வெளியே வருகிறவளுக்கு இரண்டும் இடது கால் செருப்பாக மிஞ்சியிருக்கும். அழுதுகொண்டே அதையும் போட்டுக்கொண்டுதான் போவாள். விளையாட்டு விழா அணிவகுப்புக்கு வெள்ளைக் கேன்வாஸ் வேண்டும் என்று ஒரு விதி வேறு. ஒரு லயத்துக்கு ஒரு ஜோடிதான் இருக்கும். அது வீடு வீடாகக் கைமாறும். பெரிதாக இருந்தால் முன்னால் தினத்தந்தியைக் கசக்கித் திணிப்போம், அழுக்காக இருந்தால் சாக்பீஸை ஈரத்தில் தேய்ப்போம். மழைத் தூறலில் அணிவகுத்தால் போன வழியெல்லாம் பால் சிந்தியது போலத் தடம்.

பி.எஸ்.சி. தேர்வு எழுதி வேலை கிடைத்தது பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். தமிழ் வழி வகுப்பு. மூணாறில் இருந்து இங்கே வந்தவளுக்கு முதலில் நம்பவே முடியவில்லை, இதுவும் கேரளமா என்று. கரும்பனை, கரிசல் மண், கணவாய்க் காற்று. சுதந்திரத்துக்கு முன் பாலக்காடு மலபாரோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில் இருந்தது, சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, எங்கள் தேவிகுளம் திருவிதாங்கூரில் இருந்தது. மூன்று ஆட்சிகளின் ஓரத்துத் தமிழரும் 1956இல் ஒரே மாநிலத்தில் வந்து சேர்ந்தோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கடைப் பலகையில் இரண்டு மொழி, பேச்சில் இரண்டும் கலந்த ஒரு மொழி.

மார்ச் மாதம் இங்கே நாற்பது டிகிரியைத் தொட்டுவிடும். வகுப்புக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும் செருப்பெல்லாம் மத்தியானம் வரை வெயிலில் காயும். சாப்பாட்டு மணி அடித்ததும் காலை நுழைத்தால் ரப்பர் சுடும். ஆகையால் பிள்ளைகள் குழாயடியிலிருந்து கையில் தண்ணீர் அள்ளி வந்து செருப்பின் மேல் ஊற்றி, அப்புறம்தான் போடுவார்கள். போடாமலும் முடியாது, மைதானத்து மண் அதைவிடச் சுடும். இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். செருப்பை நிழலில் வைக்க ஒரு பலகை அடிக்க வேண்டும் என்று விதி போட்டவர் எவருக்கும் தோன்றவில்லை.

எல்லைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், வேறு நியாயம். 2012-13 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை விலையில்லாச் செருப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கே படிக்கும் பிள்ளையின் மாமா மகன் அங்கே படிப்பான். திருவிழாவுக்கு வரும்போது அந்தச் செருப்பைக் காட்டிவிட்டுப் போவான். "டீச்சர், நமக்கு எப்பத் தருவாங்க?" என்று திங்கட்கிழமை கேள்வி வரும். கேரளத்தில் சாப்பாடு உண்டு, புத்தகம் உண்டு, கைத்தறிச் சீருடையும் வந்தது. செருப்பு பெற்றோர் பாடு. பக்கத்து ஆங்கில வழிப் பள்ளிகளிலோ கறுப்பு ஷூ, புதன்கிழமை வெள்ளை ஷூ. மழைக்காலத்தில் அந்தப் பிள்ளைகள் பஸ் நிறுத்தம் வரை ரப்பர் செருப்பில் வந்து, ஷூவைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செருப்பைக் கழற்று என்று சொல்வதில் இன்னொன்றும் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் ஒரு மாணவியின் தாத்தா. பேத்தியைக் கூப்பிட வந்தவர், வராந்தாப் படிக்கு வெகு தூரத்திலேயே செருப்பை விட்டுவிட்டு நின்றார். "உள்ள வாங்க ஐயா, வெயில்ல நிக்கறீங்களே" என்றேன். வந்து திண்ணையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னார். "சின்ன வயசுல நிலத்துக்காரப் பண்ணாடி வீட்டுத் தெருவுல போறப்ப செருப்பக் கக்கத்துல இடுக்கிக்கோணும் கண்ணு. தெருவு தாண்டித்தான் போடோணும். மறந்துட்டா அந்தச் செருப்பாலயே அடி. அந்தப் பழக்கம் இன்னும் காலுக்கு மறக்கல பாருங்க." அதற்குமேல் அவர் பேசவில்லை; பேத்தி வந்ததும் கிளம்பிவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது அந்தப் பெண்தான் தாத்தாவின் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள்.

விதி இறுகியது கம்ப்யூட்டர் வந்த பிறகு. 2001 வாக்கில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கி, உயர்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் லேப் வந்தது. தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று லேப் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அது நியாயம். 2018இல் எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் திட்டம் வந்தபோது வகுப்புக்குள்ளேயே புரொஜெக்டர், லேப்டாப், தரையில் பளபளக்கும் டைல்ஸ். ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் காசு போட்டு ஒட்டிய டைல்ஸ் ஆகையால் அதன்மேல் எல்லோருக்கும் ஒரு பாசம். மண் காலோடு மிதித்தால் மனம் பொறுக்கவில்லை. எந்தப் பள்ளியில் பார்த்தாலும் வகுப்பு வாசலில் செருப்புக் குவியல். ஆசிரியர்கள் மட்டும் போட்டுக்கொண்டே உள்ளே போவார்கள். டைல்ஸுக்கு அது தெரியாது போலும்!

2019 நவம்பர் 20. வயநாட்டில் சுல்தான் பத்தேரியில் ஓர் அரசுப் பள்ளி. ஐந்தாம் வகுப்புச் சிறுமி, பத்து வயது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோது சுவரோரப் பொந்திலிருந்த பாம்பு காலில் கடித்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதமாகி, அங்கிருந்து இன்னோர் இடம், இன்னோர் இடம் என்று அலைந்து, குழந்தை இறந்துபோனது. கேரளமே கொதித்த அந்த நாட்களில் அவளோடு படித்த பிள்ளைகள் டிவி மைக்குக்கு முன்னால் சொன்ன விஷயங்களில் ஒன்று, வகுப்புக்குள் செருப்புப் போட விடமாட்டார்கள் என்பது. பொந்தை அடைக்காததும் தாமதமும்தான் பெரிய குற்றம். செருப்பு போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வரி எல்லா ஆசிரியர் அறையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வகுப்புக்குள் செருப்பைத் தடுக்கக் கூடாது, பொந்துகளை அடைக்க வேண்டும், புதரை வெட்ட வேண்டும் என்று கல்வித்துறையிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. எங்கள் பள்ளியிலும் அவசரமாகப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் வைத்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, டோக்கியோவில் இருக்கும் என் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். எடோகாவா பகுதியில் நிஷி கசாய் என்று ஓர் இடம், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகளை அங்கேயே ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் போட்டிருக்கிறான். கேரளத்து ஆசிரியர்களுக்கு ஜப்பான் பள்ளி என்றால் டோட்டோசான் புத்தகம்தான். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். குழந்தை பால்கனியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எதையோ பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னடா அது என்றேன். "பள்ளிக்கூடத்துக்குள்ள போடற ஷூ, சித்தி. உவாபாகி. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வரணும், கழுவிக் காயவச்சு திங்கட்கிழமை கொண்டு போகணும்." குழந்தை நுரையோடு அதைக் காமிராவுக்கு நேரே நீட்டினாள். வெள்ளைத் துணி, ரப்பர் அடி, மேலே ஓர் எலாஸ்டிக் பட்டை, விரல் பக்கம் ஒரு நிறம். அந்த நிறத்தைப் பார்த்தே எந்த வகுப்பு என்று தெரிந்துவிடுமாம். குதிகாலில் மார்க்கரால் பெயர். "சின்னப் பாட்டி, மாறிப் போகவே போகாது" என்றாள். இரண்டு இடது கால் செருப்போடு அழுதுகொண்டு போனவளை இவளிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பள்ளி வாசலில் ஆளுக்கு ஒரு மாடம் வைத்த மர அலமாரி. வெளிச் செருப்பை அதில் வைத்துவிட்டு, உள் ஷூவை எடுத்துப் போட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வேறு ஷூ வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. கழிப்பறை வாசலில் வேறு செருப்பு. வாத்தியாரும் மாற்ற வேண்டும், தலைமை ஆசிரியரும் மாற்ற வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது இவனே வீட்டுச் செருப்பைப் பையில் போட்டு எடுத்துப் போகிறான். தரையைக் கூட்டித் துடைப்பதும் பிள்ளைகள்தான், தினமும், கையில் துணியோடு. எல்லாப் பள்ளியும் இப்படியில்லை, சிலவற்றில் வெளிச் செருப்போடே உள்ளே போகிறார்கள் என்றும் சொன்னான். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. பூகம்ப ஒத்திகையில் மணி அடித்தால் ஷூ மாற்றக் கூடாது. உள் ஷூவோடே மைதானத்துக்கு ஓட வேண்டும். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தாலும் கால் தப்பும். திரும்பி வரும்போது அடியைத் துடைத்துவிட்டு உள்ளே வருவார்கள்.

வெளிச் செருப்பைக் கழற்று என்றுதான் அங்கும் சொல்கிறார்கள். கழற்றிய காலுக்கு என்ன என்று அடுத்த வரியும் அங்கே இருக்கிறது. நாங்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டோம். இதைத்தான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன் போல. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். செங்கல் சூளை வேலை. "ஏனுங்க டீச்சர், அங்க அந்த உள்ச்செருப்ப யாருங்க வாங்கித் தராங்க?" பெற்றோர்தான் என்றேன். "அதானுங்க. எனக்கு மூணு புள்ளைங்க. ஒரு சோடி வாங்கறதுக்கே ஓணம் வரோணும். ரெண்டு சோடின்னா?" ஜப்பான் அத்தோடு முடிந்தது.

டைல்ஸ் பக்கம் பேசினவர்களும் இருந்தார்கள். மண்ணை யார் கூட்டுவது என்று ஒருவர் கேட்டார். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அக்காவை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் கதவோரம் நின்றிருந்தார். "கூட்டறது நாந்தானே? நான் கூட்டிக்கிறேன். போட்டுக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு எதிர்ப்பேச்சு வரவில்லை. வாசலுக்கு இரண்டு கயிற்று மிதியடி, மைதானத்தோரப் புதரை வெட்ட ஒரு சனிக்கிழமை, சுவரோர ஓட்டைகளுக்குச் சிமெண்டு என்று முடிவானது. தச்சு வேலை செய்யும் ஓர் அப்பா, லேப் வாசலுக்கு மட்டும் ஒரு பலகை அலமாரி அடித்துத் தருகிறேன் என்றார். லேப்பில் கழற்றுவது தொடரட்டும் என்றார் ஹெட்மாஸ்டர். மாணவர் சார்பில் வந்திருந்த பத்தாம் வகுப்புப் பையன் கை தூக்கினான். "லேப்ல டீச்சர்மாரும் கழட்டுவாங்களா சார்?" ஹெட்மாஸ்டர் குனிந்து கயிறு கட்டிய தன் ஷூவைப் பார்த்தார். கழற்றுவார்கள் என்றார்.

அலமாரி வந்த முதல் வாரமே கணக்கு வாத்தியாரின் செருப்பு மாறிப்போனது. அவர் அடையாளம் எதுவும் வைத்திருக்கவில்லை.